வெற்றி வேட்கை உள்ளவருக்கு ஏற்ற பொழுதுபோக்கு எது?

கேள்வி: எனக்கு 39 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். பள்ளி நாள் முதலே எதிலும் முதலாவதாக வர வேண்டும் என்ற துடிப்பு உள்ளவள். இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருப்பதால், மனத்துக்கு இதமான பொழுதுபோக்கு ஒன்றை வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்கிறார். தியானத்தில் அமர்ந்தால் மறுநாள் வேலைகள்தான் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. கைப்பேசியில் சதுரங்கம் ஆடிப் பார்த்தேன். தரப்புள்ளி குறைந்த இரவுகளில் தூக்கமே வருவதில்லை. என்னைப் போன்றவர்களுக்குப் பொழுதுபோக்கு ஒத்துவருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: நிச்சயம் ஒத்துவரும், சகோதரி. ஆனால் அதற்காக உங்கள் இயல்பையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எண்ணாதீர்கள். 1950-களில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பணியாற்றிய மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்னும் இதய மருத்துவர்கள் இருவர், எந்நேரமும் கடிகாரத்தோடு போட்டியிட்டுக்கொண்டு, தாமதத்தைப் பொறுக்க மாட்டாமல், வெற்றியையே குறியாகக் கொண்டு இயங்குபவர்களை ‘ஏ வகை’யினர் என்று பிரித்து, மாரடைப்பு இவர்களுக்கே அதிகம் வருகிறது என்று எழுதினார்கள். அந்தக் கருத்து உலகெங்கும் பரவி இன்றும் பேச்சில் நிலைத்திருக்கிறது. பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் அதை அப்படியே உறுதிசெய்யவில்லை. இதயத்துக்குக் கேடு விளைவிப்பது உழைப்போ இலட்சியமோ அல்ல, உள்ளே புகைந்துகொண்டிருக்கும் சினமும் பகைமையுமே என்ற பக்கம்தான் அவை சாய்ந்தன. ஆகவே நீங்கள் தேட வேண்டியது, உங்கள் துடிப்புக்கு வேலை கொடுத்து, எரிச்சலுக்கு இடம் கொடுக்காத ஒன்றை.

‘சும்மா இரு’ என்ற அறிவுரை உங்களைப் போன்றவர்களுக்கு ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு வின்ஸ்டன் சர்ச்சிலின் வாழ்க்கையில் ஒரு சான்று உண்டு. அவருடைய அரசியலை, குறிப்பாக இந்தியாவைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணங்களை, நாம் ஏற்க வேண்டியதில்லை. 1915-இல், முதல் உலகப் போரில், துருக்கிமீது தொடுத்த டார்டனெல்ஸ் படையெடுப்பு சிக்கலுக்குள்ளாகிக் கடற்படை அமைச்சர் பதவியை இழந்து, செய்ய வேலையின்றித் தவித்த அந்த 40 வயது மனிதரை மீட்டது ஓய்வு அன்று; ஓவியம். பிற்காலத்தில் தம் சார்ட்வெல் இல்லத்தில் செங்கல் அடுக்கிச் சுவரும் கட்டினார். நாள் முழுவதும் பேச்சிலும் எழுத்திலும் உழன்ற மூளைக்கு, கண்ணும் கையும் உழைக்கும் வேலையே இளைப்பாறுதலாக அமைந்தது.

சதுரங்கம் உங்களைத் தூங்கவிடாததன் காரணமும் இதுவே. இலக்கு, எண், எதிராளி என்று உங்கள் அலுவலகத்தில் இருப்பவை அனைத்தும் அங்கேயும் இருக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுக்கும் பொழுதுபோக்கில் தேர்ச்சி வளர இடம் இருக்க வேண்டும், இல்லையேல் உங்களுக்குச் சலித்துவிடும். ஆனால் அந்தத் தேர்ச்சியின் வேகத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும்.

என் முதல் பரிந்துரை மாடித்தோட்டம். கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். அந்தச் சிறு வெற்றி உங்களுக்குத் தேவை. கறிவேப்பிலையோ தாராளமாகக் கிள்ளும் அளவுக்கு வளர ஓரிரு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். சீக்கிரம் காய்க்கட்டும் என்று உரத்தை அள்ளிப் போட்டால் வேர் கருகும். அடிக்கடி நீர் ஊற்றினால் அழுகும். செடியிடம் உங்கள் பதவியும் செல்லாது, அவசரமும் செல்லாது. கத்திரியில் பூச்சி விழுந்தாலும் கோபித்துக்கொள்ள எதிரில் ஆள் இல்லை. காரணத்தைத் தேடி, அடுத்த விதைப்புப் பட்டத்தில் திருத்திக்கொள்ளலாம்.

இசையில் நாட்டம் இருந்தால் வீணை கற்கலாம். சரளி வரிசை என்னும் தொடக்கப் பாடத்தை மூன்றாம் காலத்தில், அதாவது விரைவான நடையில், ஓட்டிவிட உங்கள் விரல்கள் பறக்கும்; ஆனால் மெதுவான முதல் காலத்தில் ஒவ்வொரு சுவரத்தையும் நிறுத்தி, தாளம் பிசகாமல் வாசிப்பதுதான் கடினம் என்பதை ஆசிரியர் சில வாரங்களிலேயே உணர்த்திவிடுவார். அலுவலகத்தில் எல்லோரும் உங்களிடம் கேட்கிறார்கள்; இங்கே நீங்கள் கேட்டுக்கொள்பவராக அமர்வது மிகப் பெரிய மாறுதல். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் எண்ணத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

ஓட்டம், மிதிவண்டி, பறவை நோக்குதல் எல்லாம் நல்லவையே. எனினும் நிமிடக் கணக்கும் இனங்களின் எண்ணிக்கையும் மெல்ல உள்ளே நுழைந்து, உங்களை மறுபடியும் பந்தயத்தில் இறக்கிவிடக்கூடும் என்பதால் அவற்றை நான் முதலில் சொல்லவில்லை.

தொடங்கும்போதே விலையுயர்ந்த கருவிகளை வாங்கிக் குவிக்காதீர்கள். நான்கைந்து தொட்டிகள் போதும். வீணையானால் முதலில் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். முதல் மூன்று மாதங்களுக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பகிர வேண்டாம். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும், இரத்த அழுத்தப் பரிசோதனையையும் இதைக் காரணம் காட்டி நிறுத்திவிடாதீர்கள்.