கடவுளிடம் கோபப்படுகிறேன், ஆனாலும் செபிக்கிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

பாம்பன் தீவில், கடலை நம்பிப் பிழைக்கும் ஓர் ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் பங்குக் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் அக்கா ஒருவர் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார்.

சென்ற ஐப்பசியில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போன என் கணவர் வீடு திரும்பவில்லை. கூடப் போன இருவரைக் கவிழ்ந்த படகைப் பிடித்து மிதந்த நிலையில் மறுநாள் மீட்டார்கள். காற்று திடீரென்று முறுக்கியதில் படகு புரண்டதாகவும், இவர் வலைக்குள் சிக்கியிருக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். கண்ணால் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. கடலோரக் காவல் படையும் ஊர்ப் படகுகளும் தேடின. இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. உடலும் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

நான் அதுவரை பெயரளவில்தான் கிறிஸ்தவள். சந்தியாகப்பர் திருவிழாவுக்குப் புதுச்சேலை, கிறிஸ்துமஸ் இரவுப் பூசை, அவ்வளவே என் பக்தி. இப்போது பாசி எடுக்கக் கடலில் இறங்குவதற்காக விரல்களில் துணியைச் சுற்றத் தொடங்கும்போதே ஆண்டவரோடு சண்டை தொடங்கிவிடுகிறது. அவரைத் திட்டுகிறேன், ஏன் என்று கேட்கிறேன், சில நாள் கெட்ட வார்த்தைகூட வந்துவிடுகிறது. அப்படித் திட்டித் தீர்த்த ஒரு நாளில், யாரோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டதைப் போன்ற ஓர் அமைதி எனக்குள் இறங்கியது. பிறகும் சில முறை அது வந்தது. இது விசுவாசமா, அல்லது துக்கம் தாங்காமல் புத்தி பேதலித்துவிட்டதா என்று பயமாக இருக்கிறது.

பக்கத்து ஊரில் நடந்த ஒரு செபக்கூட்டத்தில், எங்கள் குடும்பத்தில் மறைந்திருக்கும் பாவமே இதற்குக் காரணம் என்றார்கள். உறவினர்கள் என்னை, விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித அருளானந்தரின் ஓரியூருக்கு அழைத்துப்போய், அவர் எவ்வளவு சந்தோஷமாகப் பாடுகளை ஏற்றார் பார், நீயும் அதுபோல் ஏற்றுக்கொள் என்றார்கள். அடக்கப் பூசை வைத்துவிட வேண்டும் என்கிறார் மாமியார்; வைத்தால் என் கையாலேயே அவரைப் புதைத்துவிட்டதாகிவிடும் என்று தோன்றுகிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகனோ, அப்பாவைக் காப்பாற்றாத சாமிக்கு எதற்குப் பூசை என்று கோயில் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான்.

நான் என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் புத்தி பேதலிக்கவில்லை. பெருந்துக்கத்தில் இருப்பவர்கள் இறந்தவரோடோ இறைவனோடோ வாய்விட்டுப் பேசுவதும், அழுது ஓய்ந்தபின் ஓர் அமைதியை உணர்வதும் நாங்கள் அடிக்கடி கேட்கும் அனுபவங்கள்தாம். நாங்கள் கவலைப்படும் அறிகுறிகள் வேறு: தொடர்ந்து பல நாள் தூக்கமே வராதிருப்பது, உணவை ஒதுக்குவது, ஏதோ ஒரு குரல் இதைச் செய், அதைச் செய் என்று கட்டளையிடுவது, கணவர் போன இடத்துக்கே நாமும் போய்விடலாம் என்ற எண்ணம் கடலில் நிற்கும்போது எழுவது. கடைசியாகச் சொன்ன எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் அதை மறைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

அந்த அமைதி இறைவனிடமிருந்து வந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுகோல் உளவியலிடம் இல்லை. ஆனால் விசுவாசம் என்றாலே முணுமுணுக்காமல் இருப்பதுதான் என்று எண்ணித்தானே உங்கள் செபத்தையே நீங்கள் சந்தேகிக்கிறீர்கள்? உங்கள் திருமறை அப்படிச் சொல்லவில்லை. திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88ஆம் திருப்பாடல் கதறலில் தொடங்கி, ஆறுதலான பதில் ஏதும் இன்றி இருளிலேயே முடிகிறது. அதையும் செபமாகவே திருச்சபை காத்து வந்திருக்கிறது. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபு தன் பிறந்த நாளையே சபித்தவர். இறுதியில் ஆண்டவர் கடிந்துகொண்டது, உன் பாவமே இதற்குக் காரணம் என்று அவரிடம் வாதிட்ட நண்பர்களை. தம்மைப் பற்றி யோபு பேசியதைப்போல் அவர்கள் சரியாகப் பேசவில்லை என்றார். இத்தனைக்கும் அந்த நண்பர்கள் முதல் 7 நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே எழுந்து போயிருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பார்கள். சகோதரனை இழந்த மார்த்தா இயேசுவின் முகத்துக்கு நேராகவே, நீர் இங்கே இருந்திருந்தால் அவன் இறந்திருக்கமாட்டான் என்று கேட்டார். இயேசு அவரைக் கண்டிக்கவில்லை. பிறகு கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவும் அழுதார்.

மறைந்திருக்கும் பாவம் என்ற பேச்சை நான் கடுமையாகவே மறுக்கிறேன். துயரத்தில் இருப்பவர் மீது குற்ற உணர்வையும் ஏற்றுவது உளவியல் நோக்கில் கொடுமை. நற்செய்தியின்படியும் அது தவறு. சீலோவாம் கோபுரம் இடிந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று சொன்னவர் இயேசு. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் காட்டிச் சீடர்கள் கேட்டபோதும், இவர் செய்த பாவமும் அல்ல, இவருடைய பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்றார். காற்று திரும்பியதற்கு உங்கள் வீட்டில் காரணம் தேடுபவர்களின் கூட்டத்துக்கு இனிப் போகாதீர்கள்.

உறவினர்கள் உங்களை ஓரியூருக்கு அழைத்துச் சென்றது அன்பினால்தான். ஆனால் அருளானந்தரின் பாடுகளும் உங்கள் துயரமும் ஒன்றல்ல. 1686இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்த அவர், பின்னர் போர்ச்சுகலுக்குப் போனார். அங்கேயே தங்கிவிட வாய்ப்பிருந்தும் என்ன நேரலாம் என்று தெரிந்தே திரும்பி வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அது அவரே தேர்ந்த வழி. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. உங்களிடமிருந்து ஒருவர் பறிபோயிருக்கிறார். அவருடைய இரத்தம் தோய்ந்ததாக நம்பப்படும் ஓரியூர்ச் செம்மண்ணில் நீங்கள் மகிழ்ச்சியோடு மண்டியிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

இனி அடக்கப் பூசை. வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு 1970களில் பணியாற்றிய அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், உங்களுடையதைப் போன்ற நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். உடலைக் காணாத மனம் ஒரு நாள் அவர் இறந்துவிட்டார் என்கிறது, மறுநாள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறது. இந்த இரண்டில் ஒன்றை உடனே முடிவு செய் என்று பிறர் நெருக்கும்போதுதான் வேதனை இறுகுகிறது. அநேகமாக இறந்திருப்பார், ஒருவேளை இருக்கவும் கூடும் என்ற இரண்டு எண்ணங்களும் ஒரே மனத்தில் இருக்கலாம். அது பலவீனம் அல்ல. புனித வெள்ளிக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் நடுவில் வரும் சனிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். அன்று பகல் முழுவதும் திருப்பலி இல்லை, பீடத்தில் விரிப்பு இல்லை, நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாக இருக்கும். ஒன்றும் தெரியாமல் காத்திருப்பதற்கென்றே உங்கள் திருச்சபை ஆண்டுதோறும் ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கை அந்தச் சனிக்கிழமையையும் உட்கொண்டதுதான் என்பது என் கருத்து.

உடல் இல்லாமலும் அடக்கத் திருப்பலி நிறைவேற்றத் திருச்சபையில் இடமுண்டு. மனம் தயாராக இல்லையெனில் தள்ளிவைக்கவும் உரிமை உண்டு. இப்போதைக்கு அவருடைய பெயரைச் சொல்லி, அவரை ஆண்டவரிடம் ஒப்படைக்கும் ஒரு சாதாரணத் திருப்பலியைக் கேட்டு பங்குத்தந்தையிடம் பேசிப் பாருங்கள். மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் அழுவதற்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. மாமியாரின் அவசரத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்தத் திருப்பலியால் நீங்கள் அவரைப் புதைத்தவராக மாட்டீர்கள், சட்டப்படியும் எதுவும் மாறாது. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் தகவலே இல்லையெனில் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுவான சட்டநிலை. அதற்கு முன்பே நிவாரணம் எதையும் கோர முடியுமா என்பதை மீன்வளத்துறையிலும், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

மகனைக் கோயிலுக்கு இழுக்காதீர்கள். அவன் கேட்பதும் நீங்கள் கடலில் நின்று கேட்பதும் ஒரே கேள்விதான், ஆனால் நீங்களும் கேட்பது அவனுக்குத் தெரியாது. தாய் செபமாலையோடு சமாதானமாகிவிட்டதாகவும், அப்பாவுக்காகக் கோபப்பட வீட்டில் தான் ஒருவன்தான் மிச்சம் என்றும் அவன் நினைத்திருக்கக்கூடும். ஒரு மாலையில் அவனை உட்காரவைத்து, நானும் சாமியோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கெட்ட வார்த்தையை வேண்டுமானால் விட்டுவிடலாம். திருப்பலிக்கு எந்த நாள் என்பதையும், தான் வருவதா வேண்டாமா என்பதையும் அவனே சொல்லட்டும். வரமாட்டேன் என்றால் அன்று அவனைத் தனியே விடாமல், அப்பாவோடு கடலுக்குப் போய்ப் பிழைத்து வந்த அந்த இருவரில் ஒருவரை அவனுடன் இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்