பெயரை நீக்கிவிட்டால் மரபணுத் தகவல் பத்திரமாகிவிடுமா?

கேள்வி: மருத்துவமனை ஒன்று புற்றுநோய் ஆய்வுக்காக என் ரத்த மாதிரியைக் கேட்கிறது, பெயரை நீக்கிவிடுவதாகவும் சொல்கிறது. என் தம்பி முன்பே ஒரு நிறுவனத்துக்கு உமிழ்நீர் அனுப்பி வம்சாவளி பார்த்திருக்கிறான். தகவல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். மாதிரி கொடுக்கலாமா?

பதில்: நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற ஆய்வு என்றால் கொடுக்கலாம். உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் அது மருத்துவமனையைவிடத் தம்பியின் கணக்கைப் பற்றித்தான் முதலில் எழுந்திருக்க வேண்டும். ஆய்வு என்றால் ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், வம்சாவளி என்றதும் விதிமுறைகளைப் படிக்காமலேயே உமிழ்நீரை அனுப்பிவிடுவதை நான் ஓயாமல் பார்க்கிறேன்.

பெயரை நீக்குவது அடையாளத்தை மறைக்குமே தவிர அழிக்காது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பெயரின்றிப் பொதுவில் வைக்கப்பட்டிருந்த ஆண்களின் மரபணுத் தொடர்களை வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரை ஊகித்து, வயதையும் வசிப்பிடத்தையும் சேர்த்துச் சிலரை அடையாளம் கண்டுவிட்டார்கள். உடன்பிறந்தவர்களின் மரபணுவில் ஏறக்குறையப் பாதி பொதுவானது என்பதால், தம்பி அனுப்பியதில் உங்கள் பங்கும் போயிருக்கிறது. அதற்கு உங்கள் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. இருபது பக்கம் நீளும் எந்தப் படிவத்திலும் உறவினருக்கென்று கையொப்பமிட இடம் விடுவதில்லை.

2023இல், உமிழ்நீரைச் சோதித்து வம்சாவளி சொல்லும் அமெரிக்காவின் ட்வென்ட்டி த்ரீ அண்ட் மீ நிறுவனத்தின் ஏறக்குறைய 14,000 கணக்குகளுக்குள், வேறு தளங்களிலிருந்து கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டு நுழைந்தவர்கள், உறவினரைக் காட்டும் வசதியின் வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். 2025 மார்ச்சில் அதே நிறுவனம் திவால் மனு அளித்தபோது, வாடிக்கையாளர்களின் மரபணுத் தகவலும் விற்பனைக்கு வந்தது. இவர்களையும்விட நான் அஞ்சுவது இடைத்தரகர்களை. "சோதனைக் கோப்பை எங்களிடம் பதிவேற்றுங்கள், உங்களுக்கேற்ற உணவையும் பிள்ளையின் திறமையையும் சொல்கிறோம்" என்று இலவசமாக அழைப்பவர்களுக்கு வேண்டியது அந்தக் கோப்புதான். தம்பி அப்படி எங்காவது பதிவேற்றினானா என்று இன்றே கேளுங்கள். தகவலை நீக்கவும், மீந்த உமிழ்நீரை அழிக்கவும் தனித்தனியாகக் கோரச் சொல்லுங்கள். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்கும் என்று நம்ப வேண்டாம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டாளரையும் வேலை தருபவரையும் கட்டுப்படுத்துகிறது. ஆயுள் காப்பீட்டைத் தொடவே இல்லை. மரபணுத் தகவல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, மக்கள் அதிகம் பயப்படும் இடத்தைத் திறந்துவிட்டதை என்னவென்று சொல்வது! ஆய்வின் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்படாவிட்டால், காப்பீட்டாளர் கேட்டாலும் நீங்கள் சொல்வதற்கு முடிவு என்று எதுவும் இருக்காது. தெரிவிக்கப்பட்டு மருத்துவக் குறிப்பிலும் ஏறிவிட்டால் நிலைமை வேறு: விண்ணப்பத்தில் கேட்கப்படும்போது, சட்டம் விலக்களிக்காத இடத்தில், உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் பின்னாளில் இழப்பீடு மறுக்கப்படலாம். ஆகவே கையொப்பமிடும் முன், முடிவு எனக்குத் தரப்படுமா, எங்கே பதியப்படும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணமிருந்தால் அதை முதலில் முடித்துவிடலாம். ஆனால் குடும்பத்தில் நெருங்கியவர்களுக்குப் புற்றுநோய் இருந்திருந்தால், காப்பீட்டுக்கு அஞ்சி முடிவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.