மெக்சிகோ விவசாயிகள் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போவது ஏன்? அவர்கள் அனுப்பும் பணம் ஊரை உயர்த்துகிறதா?

வறுமையை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மையே. 1942 முதல் 1964 வரை பிராசெரோ ஒப்பந்தத்தின் வழியாக மெக்சிகோ தொழிலாளர்களைத் தன் பண்ணைகளுக்கு வரவழைத்தது அமெரிக்காதான். பின்னர் 1994இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டா நடைமுறைக்கு வந்து, அரசு மானியத்தில் விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் மலிவாகக் குவியத் தொடங்கியதும், அந்த ஆண்டின் இறுதியில் மெக்சிகோ நாணயமான பெசோவின் மதிப்பு சரிந்ததும், சிறு மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களை நிலைகுலையச் செய்தன.

2023இல் புலம்பெயர்ந்தோர் மெக்சிகோவுக்கு அனுப்பிய பணம் 6,000 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அன்றாடச் செலவுக்குமே போகிறது. சகதேகாஸ் மாநிலத்தில் புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் தந்த ஒவ்வொரு பெசோவுக்கும் மத்திய, மாநில, நகராட்சி நிர்வாகங்கள் தலைக்கு ஒரு பெசோ சேர்த்துச் சாலையும் குடிநீர் வசதியும் அமைத்த திட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் உழைக்கும் வயதினர் போய்விட்ட சிற்றூர்களில், டாலரில் கட்டிய மாடி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்து வயலில் களையெடுக்க முதியவர்களே மிஞ்சியிருக்கிறார்கள்.