அப்புறம் என்றால் எப்போது?

கேள்வி: வெளிநாடுகளில் திருநங்கைகள் குழுவாகச் சேர்ந்து மலையேறப் போகிறார்களாம். நம் ஊர்த் திருநங்கைகளுக்கு முதலில் வேலையும் வீடும் கிடைக்கட்டும். ஊர் சுற்றுவதை அப்புறம் பார்க்கலாமே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இந்த ‘அப்புறம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெண்பிள்ளைக்குப் படிப்பு அப்புறம், கிராமத்துக்கு பஸ் அப்புறம், சுற்றுலாத் தலத்துக்குக் கழிப்பறை அப்புறம். கழிப்பறையைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், கட்டி முடிக்கும்வரை எழுதுவேன். அருவிக்கரையில் ஆண், பெண் என்று இரண்டே கதவு. திருநங்கை எதைத் தட்டினாலும் சண்டை. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் பயணம் போகிறவர்கள் உண்டு.

வேலையும் வீடும் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் காற்று வாங்கப் போகிற உங்களிடம் யாரும் வேலை இருக்கிறதா என்று கேட்பதில்லையே. மெரினா மணலில் நாலு திருநங்கைகள் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்தால் பக்கத்துக் குடும்பம் எழுந்து தள்ளிப் போகிறது. இன்னொருவர் கேட்காமலே சில்லறை தேடுகிறார். அவர்களும் சும்மா காற்று வாங்க வந்திருப்பார்கள் என்று தோன்றுவதே இல்லை.

இதற்குச் சட்டமே துணை நின்றிருக்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இவர்களைப் போன்றவர்களையும் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண் உடையில் தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் கைது, 2 ஆண்டுவரை சிறை. பொது இடத்துக்கு வருபவரைத் தடுத்தால் தடுத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை என்று நாம் சட்டம் போட்டது 2019இல். இடையில் 148 வருஷம்! இன்னும் எவ்வளவு ‘அப்புறம்’ வேண்டும்?

சரி, மலைக்கு வருவோம். 1953இல் எவரெஸ்ட் ஏறிய செய்தியை ரகசியக் குறிப்பில் லண்டனுக்கு அனுப்பிய டைம்ஸ் நிருபர் ஜேன் மோரிஸ். அப்போது உலகுக்கு அவர் ஆண். 1972இல் காசாபிளாங்காவில் பெண்ணாக மாறும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போய் எழுதினார்.

நம் திருநங்கைகளில் பலர் பெற்ற வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள். செங்குத்தான பாதையில் முன்னே போகிறவள் திரும்பிக் கை நீட்டுகிறாள், பின்னே வருகிறவள் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கைக்காகத்தான் அவர்கள் கூட்டமாகப் போகிறார்கள்.

உங்கள் ஊருக்கு ஏற்காடு பக்கம்தான். நாலு திருநங்கைகள் போய் அறை கேட்டால் எத்தனை லாட்ஜில் கொடுப்பார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அப்படியே பிரசுரிக்கிறேன்.