முட்டிச் சத்தம் இருக்கட்டும், கணைக்காலைக் காட்டுங்கள்

கேள்வி: வயது 36. ஜனவரி மாதம் சென்னையில் நடக்கும் அரை மாரத்தானுக்காக ஓடிப் பழகுகிறேன். உட்கார்ந்து எழும் பயிற்சியின்போது முட்டியில் 'டக்'கென்று சத்தம் வருகிறது. ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். எடைப் பயிற்சியை விட்டுவிடட்டுமா? இரண்டு வாரமாக இடது கணைக்காலிலும் (முட்டிக்குக் கீழே, முன்பக்கம்) வலி. மாத்திரை போட்டுக்கொண்டால் ஓட முடிகிறது.
வாசகி, சென்னை

பதில்: வலியும் வீக்கமும் இல்லாத சத்தம் நோயல்ல. விட்டுத்தள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்றில், ஆர்வத்துக்காக ஓடுபவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது பத்து பேர். காணொளி போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, பயம்தானே விலைபோகிறது!

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் எனக்குக் கவலை. கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் தசையும் சலித்துப்போனதுதான். ஓடும் தூரத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரு விரல்நுனியால் மூடிவிடக்கூடிய ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தாலோ, படுத்த பிறகும் அந்த இடம் விண்ணென்று தெறித்தாலோ, இன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஒற்றைக்காலில் குதித்துச் சோதிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்ற நிம்மதியில் மறுபடி ஓடி, விரிசலை முறிவாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் சில வார ஓய்வோடு போய்விடும்.

அந்த மாத்திரை? வலி என்பது எலும்பு கொடுக்கும் குரல். அதன் வாயைப் பொத்திவிட்டு அதே எலும்பின் மேல் ஓடுகிறீர்கள். போதாததற்கு, சென்னை வெக்கையில் வியர்த்துக் கொட்டும்போது பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கலாம். மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரை என்றால், அது மருத்துவ ஆலோசனை ஆகாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? எடை குறைப்பதற்காக இரவு உணவைத் தவிர்க்கிறீர்களா? ஓடும் அளவுக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தப்பும், எலும்பு வலுவிழக்கும். இப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எடைப் பயிற்சியை எதற்கு விட வேண்டும்? எலும்பு சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு வாரம் இரண்டு நாள் செய்யுங்கள். தொடைக்குச் செய்கிறவர்கள் கெண்டைக்காலை மறந்துவிடுகிறார்கள். ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குவது கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் முட்டிக்குச் சற்று மேலே 10 கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குங்கள். முட்டி மடங்கியிருக்கும்போது வேலையின் பெரும்பகுதி அந்தத் தசைக்கே போகும். பழகப் பழக எடையைக் கூட்டலாம்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை விழுங்கியிருக்கிறீர்கள் என்பதை அவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.