பையில் கிடைத்த பொட்டலம்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனின் புத்தகப் பையில், உதட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் புகையிலைப் பொட்டலங்கள் இரண்டைக் கண்டேன். நண்பன் கொடுத்தது என்கிறான். எட்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவன், இப்போது கணக்கில் தேறவில்லை. நூற்பாலையில் ஷிப்ட் வேலை முடித்து நான் வீடு திரும்ப இரவு பத்து மணியாகிவிடும். என் கணவருக்குப் பீடிப் பழக்கம் உண்டு. ஞாயிறு மட்டும் அளவாகக் குடிப்பார். கூட்டாளிகள்தான் கெடுத்துவிட்டார்கள் என்கிறார் அவர். பள்ளியை மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியை இப்போது மாற்ற வேண்டாம். நண்பன் கொடுத்தான் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே நண்பன் நீட்டிய பொட்டலத்தை வாங்க மறுத்த பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருப்பார்கள். உங்கள் மகன் ஏன் வாங்கிக்கொண்டான் என்பதற்கான பதிலில் பெரும்பகுதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

அவனுக்கு வந்திருப்பது அரிதான சிக்கல் அன்று. 2019ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். பீடியைத் தொட்டுப் பார்த்த மாணவர்களில் 47 விழுக்காட்டினர் பத்து வயது நிறையும் முன்பே தொட்டவர்கள் என்பதும் அதில் தெரியவந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பீடி முதலில் எங்கே கண்ணில் படும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கணவர் பீடி வாங்க யாரைக் கடைக்கு அனுப்புகிறார்? என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்பாவுக்காக நான்கைந்து ஆண்டுகள் பீடிக்கட்டு வாங்கிச் சென்ற சிறுவன், ஒருநாள் தனக்கென்று ஒரு பொட்டலம் கேட்கும்போது, கடைக்காரருக்கு அது புதிதாகத் தோன்றுவதில்லை, சிறுவனுக்கும் கூச்சம் இருப்பதில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும், கல்விக்கூடங்களிலிருந்து நூறு கஜத்துக்குள்ளும் புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழந்தைகளுக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழி செய்கிறது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதே நடைமுறை. எளிதாகக் கிடைப்பதும், வீட்டிலேயே ஒருவர் பயன்படுத்துவதும் ஒன்றுசேரும்போது ஆபத்து பெருகுகிறது. அளவாகக் குடிப்பவர் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். ஆனால் பிள்ளை அளவைப் பார்ப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமையின் மகிழ்ச்சிக்கு அது தேவைப்படுகிறது என்பதைத்தான் பார்க்கிறான்.

அடுத்தது கணக்குப் பாடம். எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்ற நிலையில் வந்த பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பில்தான் தோல்வி முதன்முதலாக முகத்தில் அறைகிறது. வகுப்பில் தனக்கு மதிப்பில்லை என்று உணரும் மாணவன், மதிப்புக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகிறான்; கடைசி பெஞ்சில் அது ஒரு பொட்டலத்தின் விலைக்குக் கிடைத்துவிடுகிறது. மாலை நான்கரையிலிருந்து இரவு பத்து வரை கேட்க ஆளில்லாத நேரமும் இதனோடு சேர்கிறது. இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. ஷிப்ட் நேரத்தை நீங்கள் தீர்மானிக்கவில்லை. பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது ஒருவர், அந்த நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்து வைத்திருந்தாலே போதும். பள்ளியை மாற்றினால் இவற்றில் ஒன்றும் மாறாது. அவனுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு நல்ல ஆசிரியர்களும் இல்லாமல் போவார்கள்.

அடிப்பதும், உறவினர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் வேண்டவே வேண்டாம். எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று மட்டும் தனியாகக் கேளுங்கள். தினமும் வைத்துப் பழகியிருந்தால், நிறுத்திய முதல் சில நாள்களில் எரிச்சலும் கவனச்சிதறலும் தூக்கமின்மையும் வரும். அதைத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள், நிக்கோட்டின் உடலைவிட்டு விலகும்போது வரும் உபாதை அது. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு மகனும் பேசலாம், தந்தையும் பேசலாம். இருவரும் ஒரே வாரத்தில் நிறுத்த முயன்றால், ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை அது செய்யும். வகுப்பாசிரியரைச் சந்திக்கும்போது பொட்டலத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன், கணக்கில் அவன் எந்த இடத்தில் தடுக்கி நின்றான் என்று கேளுங்கள்.

இன்னொன்று. அவனை ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பொட்டலம் வைக்கும் இடத்தில் உதட்டின் உட்புறம் வெளுத்தோ தடித்தோ இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். அப்போது நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். உங்களிடம் சொல்லாததை அவன் அவரிடம் சொல்லக்கூடும்.