சொதி, கரிசல், நீலி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று நாவல்கள் வாசித்தேன். மூன்றும் நம்ம பக்கத்தில் நடக்கும் கதைகள். குறையும் சொல்லப்போவதால் பெயர்களைத் தவிர்த்துவிட்டேன்.

முதலாவது துப்பறியும் நாவல். சித்திரை மாதம், இரவு பத்து மணிக்கு, குறுக்குத்துறையில் ஒருவரைக் கொன்று ஆற்றில் போடுகிறார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு உடல் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மிதக்கிறது. கடைசியில் குற்றவாளி ஸ்டேஷனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், கதை முடிகிறது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இரண்டாவது வரலாற்று நாவல். 1799, பாளையக்காரர் காலம். 600 பக்கத்தில் தகவல் தகவலாக அடுக்கியிருந்ததால் பாதியிலேயே அலுத்துவிட்டது. தூதன் ஒருவன் ஒரே குதிரையில் ஒரே இரவில் நெல்லையிலிருந்து மதுரை போய்ச் சேரும் அத்தியாயமும், ஒற்றன் இருட்டில் தீக்குச்சி உரசி ஓலையைப் படிக்கும் இடமும் மட்டும் நன்றாக இருந்தன.

மூன்றாவது மாயக்கதை. சுடலையைப் போல ஒரு காவல் தெய்வம். 300 பக்கம் சும்மா இருந்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் வந்து எதிரிகளை மொத்தமாக அழித்துவிடுகிறது. ஏமாற்றமாகப் போய்விட்டது. மாயக்கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால்தான் அதில் பதற்றமே வருவதில்லை என்று தோன்றுகிறது.

ஆற்றில் போட்ட உடல் அப்படியெல்லாம் போகாது என்கிறார் என் கணவர். கதைதானே, தகவல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று நான் வாதாடுகிறேன். உங்கள் கருத்து என்ன? நானும் ஒரு துப்பறியும் கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு மறுவீட்டுச் சாப்பாட்டன்று நடக்கும் கொலை. வாசகரை ஏமாற்றாமல், அதே சமயம் அவர் கண்ணில் உடனே படாமல் தடயத்தை எப்படி வைப்பது?

ச., பாளையங்கோட்டை

*

அன்புள்ள ச.,

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. மூன்று நாவல்களைப் பற்றியும் நீங்கள் சொன்னதற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. அதனால் ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சித்திரையில் தாமிரபரணி எப்படி இருக்கும்? பல இடங்களில் முழங்கால் தண்ணீர், இடையிடையே மணல்திட்டு, தேங்கிய பக்கமெல்லாம் அமலைச் செடி. குறுக்குத்துறையிலிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்குச் சாலை வழியே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டுமென்றால் உடல் எங்கும் தட்டாமல் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். அப்படியே போனாலும் நடுவில் மருதூர் அணைக்கட்டு நிற்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் நெல்லைக்குக் கிழக்கே இருப்பவை மருதூரும் ஸ்ரீவைகுண்டமும். முதலாவதைத் தாண்டாமல் இரண்டாவதற்குப் போக முடியாது. கோடையில் ஓர் உடலைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு அணைக்கட்டின் மேல் தண்ணீர் வழிவதும் இல்லை. இதெல்லாம் போக, தண்ணீரில் போட்ட உடல் முதலில் மூழ்கும். உள்ளே வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். அதற்குக் கோடையில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும்.

ஆசிரியர் மாதத்தைக் கார்த்திகைக்கு மாற்றியிருந்தாலே போதும். அப்போது ஆறு இரு கரை தொட்டு ஓடும், அணைக்கட்டுகள் வழியும். குறுக்குத்துறை முருகன் கோயிலே தண்ணீருக்குள் போய்விடும், உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். உடல் மூன்றாம் நாள் ஸ்ரீவைகுண்டத்தில் கிடைத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கொலைகாரனுக்கும் இரண்டு நாள் அவகாசம் கிடைத்திருக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. மாதம் சித்திரையாகவே இருக்கட்டும், உடலும் மறுநாள் காலையில் ஸ்ரீவைகுண்டத்திலேயே கிடைக்கட்டும். ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்த ஏட்டு ஒருவர் அதைப் பார்க்கிறார். "ஆத்துல வரலய்யா, ரோட்டுல வந்திருக்கு" என்கிறார். அந்த நொடியில் கதைக்குள் ஒரு வண்டி வந்துவிடுகிறது, வண்டி ஓட்டியவன் வந்துவிடுகிறான், ஆறுதான் கொண்டுவந்தது என்று ஊரை நம்பவைக்க விரும்பிய ஒரு மூளையும் வந்துவிடுகிறது. நாவலாசிரியர் பிழையாக விட்ட இடம் அந்த நாவலின் மிகச் சிறந்த முடிச்சாக ஆகியிருக்கும்.

தகவல் ஏன் சரியாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். கதையில் என்ன நடக்கிறது என்பதை எல்லாரும் யோசித்துவிடுவார்கள். இந்தக் கதையில் எது முடியாது என்று முதலிலேயே முடிவு செய்கிறவர்தான் வாசகரைக் கட்டிப்போடுகிறார். துப்பறியும் கதை, சரித்திரக் கதை, மாயக்கதை மூன்றுக்கும் இது ஒன்றுபோல்தான்.

அந்த நாவலின் முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவு. காவலில் இருப்பவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருள் கிடைக்கக் காரணமான பகுதி மட்டும் செல்லும். அதனால் ஸ்டேஷனில் அவன் அழுவதோடு முடித்தால் கதை பாதியில் நிற்கிறது. அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சியாக நிற்க வேண்டும், கருவேலம் புதரிலிருந்து அரிவாளை அவனே எடுத்துக் கொடுக்க வேண்டும், பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜரில் கையெழுத்து விழ வேண்டும். அரிவாள் அங்கே இல்லாமல் போனால்? அங்கே இன்னும் ஐம்பது பக்கம் இருக்கிறது. சட்டப்பிரிவு எண்ணை எழுதும்போது சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலைக்கு முன் நடந்த கொலை என்றால் இ.பி.கோ. 302, பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. சம்பவம் தென்காசிப் பக்கம் என்றால் 2019 நவம்பருக்கு முன் அது நெல்லை மாவட்டம்.

மரண விறைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்நாட்டு நாவல்களில் வரும் மணிக்கணக்கை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். நம்ம வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே விறைப்பு தொடங்கிவிடும், கோடையில் 18லிருந்து 36 மணி நேரத்துக்குள் தளர்ந்தும்விடும்.

வரலாற்று நாவலுக்கு வருகிறேன். தகவல் அதிகமாக இருந்ததால் அலுத்தது என்கிறீர்கள். அந்தத் தகவல் எதுவும் யாருடைய காலையும் பிடித்து இழுக்காததால்தான் அலுத்தது என்பது என் எண்ணம்.

ஒரு தேதியை எடுத்துக்கொள்வோம். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. அந்தக் கணக்கில் அது கொல்லம் 975, ஐப்பசி பிறந்த சமயம். இந்தக் கணக்கை மட்டும் நாவலில் எழுதினால் அது தகவல்தான். ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. கயத்தாறு, கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் எல்லாம் கரிசல் காடு. காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் களியாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். பீரங்கி வண்டி நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் சக்கரம் மண் உருண்டையாகிவிடும், மாட்டை அவிழ்த்துவிட்டு ஆள் இறங்கி வழிக்க வேண்டும். இப்போது அந்தத் தேதி எல்லாருடைய காலையும் பிடிக்கிறது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படைக்கு, மழை வரட்டும் என்ற ஏக்கம் மற்றவர்களுக்கு.

குதிரைத் தூதனுக்கும் இதே கணக்குத்தான். நெல்லையிலிருந்து மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். நல்ல குதிரை ஆளைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் போகும், மறுநாளும் போகும். ஒரே இரவில் மதுரை என்றால் கோவில்பட்டியைத் தாண்டியதும் அது நுரை தள்ளிப் படுத்துவிடும். உங்களுக்கு அந்த அத்தியாயம் பிடித்தது அதிலிருந்த அவசரத்தால். குதிரை விழுந்து, கரிசலில் அவன் ஓலையோடு கால்நடையாக நின்றால் அந்த அவசரம் இரட்டிப்பாகும். அல்லது வழியில் மூன்று இடத்தில் மாற்றுக் குதிரை இருக்க வேண்டும், அந்த மூன்று இடத்திலும் நம்பிக்கையான ஆள் இருக்க வேண்டும். யார் அந்த மூன்று பேர், அவர்களில் விலைபோனவன் எவன் என்பதே ஒரு கதை.

தீக்குச்சியும் அப்படித்தான். உரசினால் எரியும் குச்சி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்ததே 1827இல். 1799இல் அந்த ஒற்றன் சிக்கிமுக்கிக் கல்லையும் இரும்பையும் தட்டி, பஞ்சில் பொறி விழவைத்து, ஊதிக் கனலாக்க வேண்டும். முதல் தட்டிலேயே பற்றாது. ஒவ்வொரு தட்டும் ராத்திரியில் 'டக், டக்' என்று கேட்கும், திண்ணையில் படுத்திருக்கும் காவல்காரன் புரண்டு படுப்பான். ஈரக் காற்று என்றால் பஞ்சு பிடிக்காது. தீக்குச்சி அந்தப் பக்கத்திலிருந்து இதையெல்லாம் எடுத்துவிட்டது.

மற்றதெல்லாம் பட்டியல்தான், சரிபார்த்தால் போதும். அரசாங்க ரூபாய் நோட்டு 1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. 1799இல் இங்கே புழங்கியது வராகன், பணம், காசு. ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய். மிளகாய் போர்த்துக்கீசியர் வந்த பிறகு, ஆகவே 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் குழம்பில் மிளகுதான்.

மாயக்கதையைப் பற்றி நீங்கள் சொன்னதோடுதான் எனக்கு உடன்பாடில்லை. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நம்ம ஊர்க் கதைகள் ஒருபோதும் சொன்னதில்லை. வில்லுப்பாட்டில் கேட்ட நீலி கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு செட்டியைப் பழிவாங்க வந்த பேய் நீலி. அவளுக்குப் பயங்கர சக்தி உண்டு. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஆனாலும் செட்டியின் கையில் மந்திர வாள் இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது. அந்த ஒரு 'முடியாது' இல்லையென்றால் கதை காட்டுப்பாதையிலேயே முடிந்துபோயிருக்கும். அது இருப்பதால்தான் அவள் மனைவி வேஷம் போடுகிறாள், ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால் நியாயம் கேட்கிறாள், வாளை அவன் கையிலிருந்து வாங்கிவைக்க அவர்களைக் கொண்டே பேசவைக்கிறாள். நல்லெண்ணத்தால் அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது பேரும், அவள் அவனைக் கொன்ற பிறகு, கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்குகிறார்கள். கேட்கிறவர் வாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைவிடக் கச்சிதமான மாயக்கதை அமைப்பு எனக்குத் தெரியாது.

சுடலைக்கும் அப்படித்தான் கட்டு உண்டு. கோயில் கொடையில் கோமரத்தாடி, அதாவது சாமியாடுகிறவர் மேல் சாமி நினைத்த நேரத்தில் வந்துவிடாது. வில்லுப்பாட்டுப் புலவர் கதையைப் பாடி, சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டுக்கு வர வேண்டும். நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குச் சுடுகாடு போகும்போது குறுக்கே யாரும் போகக்கூடாது. கேட்ட படையலைக் குறைக்கக்கூடாது. நீங்கள் வாசித்த ஆசிரியர் தெய்வத்தை எடுத்துக்கொண்டார், கட்டுகளை விட்டுவிட்டார். சக்தி எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள், எது அதைத் தடுக்கும் என்ற மூன்றையும் முதல் கால் பங்குக்குள் சொல்லியிருந்தால், கடைசி அத்தியாயத்தில் வரத்துப்பாட்டு பாட வேண்டிய புலவரின் தொண்டை கட்டியிருப்பதே போதும், வாசகர் தூங்க மாட்டார்.

இனி உங்கள் கதை. மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதி இருந்தே ஆக வேண்டும். தடயத்தை அதிலேயே வைக்கலாம்.

சொதி தேங்காய்ப்பால் குழம்பு. காய்கள் தண்ணியான தேங்காய்ப் பாலில் வேகும். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் அடுத்து. கெட்டியான முதல் பால் கடைசியில். அதை ஊற்றிய பிறகு கொதிக்கவிடக் கூடாது, நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும், விட்டால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தாலும் திரியும். ஆக, சொதி திரிந்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். முதல் பாலை ஊற்றிவிட்டு யாரோ அடுப்பை விட்டு அகன்றார்கள், அல்லது சாற்றை முந்திப் பிழிந்துவிட்டார்கள். முதலாவது உண்மை, இரண்டாவது தவசுப்பிள்ளை (சமையல்காரர்) சொல்லும் பொய்.

எழுதத் தொடங்குமுன் கொலைகாரனின் அந்த நாளைப் பத்துப் பத்து நிமிடமாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பால் ஊற்றும் நேரம் அதில் ஒரு புள்ளி, அது சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் முன்பு. பிறகு தடயத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பால் பக்குவத்தை ஆரம்பத்திலேயே ஓர் ஆச்சி புதுப்பெண்ணுக்குச் சொல்லட்டும், அது கதைக்குச் சம்பந்தமில்லாத பேச்சாகவே இருக்கட்டும். இருபது முப்பது பக்கம் தள்ளி, பந்தியில் சம்பந்தி வீட்டார் சொதி திரிந்ததைக் குறை சொல்லட்டும். அங்கே வாசகர் கவனமெல்லாம் வீட்டாரின் மானக்கேட்டில் இருக்கும். மூன்றாவது, தவசுப்பிள்ளையின் பொய்யை உடைக்கும் எலுமிச்சம்பழம். அடுக்களையைப் போலீஸ் பார்க்கும்போது இருக்கும் பொருள்களை ஒரே மூச்சில் அடுக்குங்கள். பட்டியலின் முதல் பொருளும் கடைசிப் பொருளும் மனதில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவும். அதனால் தேங்காய்த் துருவல், இஞ்சிப் பச்சடிச் சட்டி இவற்றுக்குப் பின்னால், கழுவாத அண்டாவுக்கு முன்னால், கூடையில் வாங்கிய எட்டு எலுமிச்சம்பழமும் அறுபடாமல் இருந்தன என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் பாயசத்துக்குப் போய்விடுங்கள்.